தலைக்கணக்கும் பஸ் கணக்கும்

இலங்கையின் மலையகத்தில் ஆள் கணக்கெடுக்கப் போகிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது பஸ் நேரம். 2024 சனத்தொகை தொகைமதிப்புக்கு நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டப் பிரிவுகள் சில எனக்கு வந்தன. கேள்விகளெல்லாம் கையில் கொடுத்த டெப்லட்டுக்குள் இருந்தன. மெயின் ரோட்டில் இறங்கியபின் மேக்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, ஏறுவது என் பாடு. கொழுந்து லொறி வந்தால் அதில் தொற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நடை, அல்லது ஆட்டோ. ஒரு நாள் படியை அரை நாளில் ஆட்டோ தின்றுவிடும்.

இங்கே பாதை போட்டது ஆளுக்காக இல்லை, சரக்குக்காக. ரயில் 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்ததற்குக் காரணம் கோப்பியும் தேயிலையும்தான். தோட்டத்துக்குள்ளும் அதே கதை. மலையிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, இறங்கும் ரோடு ஓரளவுக்கு இருக்கும். காம்பரா என்கிற ஒட்டிய அறைகள் வரிசையாக இருக்கும் தொழிலாளர் லயத்துக்குப் பிரிகிற இடத்தில் தார் நின்றுவிடும். ஊர்ப்புற உள்ளூராட்சிக்கான 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க அது முட்டுக்கட்டையாகவே இருந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். ஓட்டுப் போட்ட சபை, ஓட்டுப் போட்டவர் வாசலுக்கு ரோடு போட முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. சட்டம் மாறிய வேகத்தில் ரோடு மாறவில்லை என்பது வேறு விஷயம்.

உண்மையில் என்னைத் திணறடித்தது மிகச் சாதாரணமான கேள்வி: இந்த வீட்டில் வழமையாக யார் யார் இருக்கிறார்கள்?

"மகன் இருக்கான் மிஸ், எழுதுங்க" என்றார் ஓர் அப்பாயி.

"எங்க அப்பாயி, வேலைக்குப் போயிருக்காரா?"

"கொழும்புல கடையில நிக்கிறான். தீவாளிக்கு வருவான், திருவிழாவுக்கு வருவான். அவன் காம்பரா இதுதானே!"

வழமையாகத் தங்கும் இடத்தில்தான் பேரை எழுத வேண்டும் என்ற விதியைச் சொல்லி விளக்கினால் முகம் மாறிவிடும். பேரை வெட்டினால் வீடு போய்விடும், ஓட்டு போய்விடும் என்ற பயம். இதை அறியாமை என்று சொல்லும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துப் போட்டது. கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்று பதியப்படும் இவர்களின் தொகை 1971இல் 11 லட்சத்து 74 ஆயிரமாக இருந்து 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரமானது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் சொந்தக்காரர்கள் பக்கத்துக் காம்பராவிலேயே இருக்கும்போது, லிஸ்டில் பேர் இருப்பதும் இல்லாததும் விளையாட்டாகவா தெரியும்?

2024 முடிவு வந்தபோது அந்தத் தொகை ஏறத்தாழ 6 லட்சம், நாட்டின் சனத்தொகையில் 2.8 வீதம். 2012இல் 8 லட்சத்து 39 ஆயிரம். சனம் எல்லாம் ஓடிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். அவசர முடிவு. 'இலங்கைத் தமிழர்' என்று பதியச் சொன்ன வீடுகள் என் பிரிவிலேயே இருந்தன. நாடு முழுக்கவும் அந்த வீதம் 11இலிருந்து 12க்கு மேல் போயிருக்கிறது. அதற்காக யாரும் போகவில்லை என்றும் சொல்ல மாட்டேன். லயத்தில் இருபது வயதுக்காரரைப் பகலில் காண்பதே அபூர்வம்.

அவர்களில் பாதிப்பேர் ஹட்டனில் வேலை செய்துகொண்டே வீட்டில் படுக்கலாம். காலையில் ஒரு பஸ், இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒரு பஸ் இருந்தால் போதும். பஸ் கேட்டால் ஏற ஆள் இல்லை என்கிறார்கள். ஆள் இல்லாமலா ஆட்டோவில் ஆறேழு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்? கிளினிக் நாளில் கர்ப்பிணிகள் அதே ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள்.

பஸ் கேட்டு மனு எழுத வந்த தோட்டத்துப் பிள்ளைகளிடம், பிரிவின் மொத்தச் சனத்தொகையைப் போட்டு ஒன்றும் ஆகாது என்றேன். காலை ஆறு மணிக்குச் சந்தியில் நிற்பவர்களை எண்ணுங்கள், ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று வீடுவீடாகக் கேளுங்கள், கொழும்பில் இருப்பவர்களில் பஸ் வந்தால் திரும்பி வருவேன் என்பவர்களின் பேரையும் தனியாக எழுதுங்கள் என்று சொன்னேன். நன்றாகவே செய்தார்கள். மனு போய்விட்டது. பதில் வருவதானால் தோட்ட ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வர வேண்டும். லயத்துக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் கிடையாது.