சம்பளத்துக்கு நிதி கேட்ட கதை

செய்யாறு பக்கம் சில கிராமங்களில் எங்கள் அறக்கட்டளை மாலைநேரக் கற்றல் மையங்கள் நடத்துகிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் கணக்கும் சொல்லித் தருகிறோம். நண்பர்கள் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் ரொம்ப நாள் ஓட்டினோம். ஒருவழியாக ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதி, அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணம், கிடைத்தது. எப்படி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் 1 முதல், மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்துப் பதிவு எண் வாங்காத அமைப்பு வழியாக எந்த நிறுவனமும் இந்த நிதியைச் செலவிட முடியாது. அந்தப் படிவத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும். இதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் வாங்கிய எண்ணையும் கேட்பார்கள். நல்ல ஆடிட்டர் அமைந்தால் இதெல்லாம் தானாக நடக்கும். அமையாவிட்டால் முதலில் ஆடிட்டரை மாற்றுங்கள்.

யாரிடம் கேட்பது? நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, முந்தைய ஆண்டில் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்த்த நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் சென்னையில் இருக்கும் பெரிய பெயர்களை விட்டுவிட்டு, எங்கள் பக்கத்தில் ஆலை வைத்திருப்பவர்களை மட்டும் தேடிப் போனோம். எங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் இந்தத் தொழிற்பேட்டைகளுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். பேச்சைத் தொடங்க அதுவே வசதியாக இருந்தது.

உண்மையான இழுபறி பட்ஜெட்டில் வந்தது. எங்கள் செலவில் பெரும்பகுதி ஆசிரியைகளின் மதிப்பூதியம். எல்லாரும் அந்தந்த ஊரிலேயே இருக்கும், டிகிரி முடித்த பெண்கள். சிஎஸ்ஆர் பார்க்கும் அதிகாரி பட்ஜெட்டைப் புரட்டிவிட்டு, "மேடம், சம்பளம்னா கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. ஸ்மார்ட் டிவி, பெஞ்ச், ஸ்கூல் பேக், இப்படி ஏதாவது போடுங்களேன்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பை கொடுத்தால் படம் எடுக்கலாம், ஆண்டறிக்கையில் போடலாம். ஒரு பிள்ளை தடுமாறாமல் ஒரு பத்தி வாசிப்பதைப் படம் எடுக்க முடியாதே.

அப்புறம், நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறதே என்றார். இந்த இடத்தில்தான் பல சிறிய அமைப்புகள் பின்வாங்கிவிடுகின்றன. அந்த 5 சதவீத வரம்பு, நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கானது. ஒரு திட்டத்தைக் களத்தில் நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. 2021 ஜனவரியில் திருத்திய சிஎஸ்ஆர் விதிகளில் இதற்கான விளக்கம் இருக்கிறது. பாடம் நடத்துவதுதான் எங்கள் திட்டம். நடத்துபவருக்குத் தரும் பணம் எப்படி நிர்வாகச் செலவாகும்? ஆடிட்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, விதியையும் இணைத்துக் கொடுத்தோம். பட்ஜெட்டிலும் 'சம்பளம்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, மையம் வாரியாக, ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று பிரித்துக் காட்டினோம். தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

சான்றுக்கு, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க நடத்தும் அசர் ஆய்வில் பயன்படுத்தும் வாசிப்புச் சோதனையையே வைத்துக்கொண்டோம். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நாலு படி. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். ஜூனில் யார் எந்தப் படியில் இருந்தார்கள், டிசம்பரில் எங்கே வந்தார்கள் என்ற ஒரே ஒரு அட்டவணை. அதிகாரி மையத்துக்கு வந்தபோது நாங்கள் வரவேற்பு நடனம் எதுவும் வைக்கவில்லை. அட்டவணையைக் கையில் கொடுத்து, அவரையே பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கச் சொன்னோம். கமிட்டியில் எங்களுக்காகப் பேசியது அவர்தான்.

நேரமும் முக்கியம். ஜனவரியில் சில நிறுவனங்கள் கூப்பிட்டு, நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் செலவழிக்க முடியுமா என்று கேட்கும். அந்த அவசரத்தில் பெஞ்சுதான் வாங்க முடியும். ஆசிரியை வேண்டுமென்றால், ஓர் ஆண்டோடு முடியாத 'தொடர் திட்டம்' என்று கேளுங்கள். அப்படி ஒப்புதல் ஆனால், மீதித் தொகையை நிறுவனம் தனி வங்கிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம்.

கையெழுத்தானதும் பணம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தவணையாகத்தான் வரும். முதல் தவணையை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்து, அதை அவர்கள் சரிபார்த்த பிறகுதான் அடுத்தது. அந்த இடைவெளியில் மதிப்பூதியம் நிற்காமல் இருக்க, நண்பர்கள் தரும் பணத்தை இப்போது தொடாமல் சேர்த்து வைக்கிறோம். மாலை இருட்டியபின் வீடு திரும்பும் ஆசிரியைகளுக்குப் பயணப்படி கேட்டதை மட்டும் வெட்டிவிட்டார்கள். இரண்டாம் ஆண்டு பட்ஜெட்டில் அதை மறுபடி சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.