அளக்காமல் எழுதிய கணக்கு

நில அளவராக 31 வருடம் வேலை பார்த்தேன். முதல் 9 வருடம் கிருஷ்ணகிரிப் பக்கம். அதன் பிறகு தெற்கே, பழைய ஜமீன் ஊர்களில். இரண்டு இடத்திலும் ஒரே சங்கிலி, செங்கோணம் பிடிக்கும் ஒரே கிராஸ் ஸ்டாஃப், ஒரே மாதிரி எஃப்எம்பி என்கிற புல வரைபடம். வேலை மட்டும் ஒன்றாக இல்லை. கிருஷ்ணகிரியில் நான் பார்த்த ஊர்களில் வரப்புத் தகராறு என்றால், புதைந்து கிடக்கும் பழைய கல்லைத் தோண்டி எடுத்துப் படத்தோடு ஒத்துப் பார்ப்போம். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். தெற்கே பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் ஜமீன் ஒழிப்போடு கணக்கு நின்றுவிடும். அதற்கு முன்னால் யார் அனுபவம் என்று கேட்டால் "அது அரண்மனைக்குத்தான் தெரியும்" என்பார்கள்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் காரன்வாலிஸிடம் வந்து சேர்ந்தேன்.

சார்லஸ் காரன்வாலிஸ் 1738-இல் லண்டனில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை. பதின்ம வயது முடிவதற்குள் பட்டாளம், 21 வயதில் நாடாளுமன்றம், 1762-இல் அப்பா இறந்ததும் பிரபுக்கள் சபை. அமெரிக்கக் குடியேற்றங்களை எல்லா விஷயத்திலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்ற சட்டம் 1766-இல் வந்தபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட வெகுசில பிரபுக்களில் அவரும் ஒருவர். பத்து வருடம் கழித்து அதே அமெரிக்கர்களோடு சண்டை போட அவரையே அனுப்பினார்கள். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சுமார் 7,000 பேர் கொண்ட படையோடு சரணடைந்தார். அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தனக்கு அடுத்த அதிகாரியை அனுப்பிவைத்தார். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவரை இந்த இடத்தோடு விட்டுவிடும். எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வந்த காரன்வாலிஸ்.

1786-இல் அவர் கல்கத்தாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர்களுக்குச் சம்பளம் குறைவு, சொந்த வியாபாரத்தில்தான் வருமானம். கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாய் சம்பளம், வசூலில் ஒரு சிறு பங்கு என்று நிர்ணயித்து, சொந்த வியாபாரம் கூடாது என்றார். வரி வசூலிப்பவரே வழக்கையும் தீர்க்கக் கூடாது என்று 1793-இல் நீதியைத் தனியாகப் பிரித்தார். அரசு வேலையில் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் முதலில் வயிறு நிறையச் சம்பளம் கொடு என்ற நியாயத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் உயர்ந்த பதவி எதற்கும் இந்தியர்கள் வரக் கூடாது என்று கதவை அடைத்ததும் அதே கைதான். கிராமத்து மண்ணை அறிந்தவனுக்கு முடிவெடுக்கும் நாற்காலி இல்லாமல் போனது. அதன் விளைவை நிலக் கணக்கில் பார்க்கலாம்.

1793 மார்ச்சில் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்தார். ஜமீன்தாரை நிலத்துக்கு உடைமைக்காரர் ஆக்கி, குத்தகை வருமானத்தில் 11-இல் 10 பங்கைச் சர்க்காருக்கு என்றென்றைக்கும் மாறாத கிஸ்தியாக, அதாவது நிலவரியாக, முடிவு செய்தார்கள். குறித்த நாளில் பொழுது சாய்வதற்குள் கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்கு வரும். வருவாய்க் கணக்கில் ஊறிய ஜான் ஷோர், முதலில் பத்து வருடம் நடத்திப் பார்ப்போம், அதற்குள் நிரந்தரம் என்று முத்திரை குத்த வேண்டாம் என்று தடுத்தார். காரன்வாலிஸ் கேட்கவில்லை. உடைமை உறுதியானால் நிலச்சுவான்தார் தானே நிலத்தைப் பண்படுத்துவார் என்ற நம்பிக்கை அவருக்கு. வயல் அளக்கப்படவில்லை. உழுகிறவனுடைய பாத்தியதை இன்னது என்று தெளிவாக எழுதப்படவும் இல்லை. அவனுக்குப் பட்டா கொடுக்கும் பொறுப்பை ஜமீன்தாரிடமே விட்டுவிட்டார்கள்.

அதே திட்டம் 1802-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சிவகங்கை, இராமநாதபுரம் எல்லாம் 1803-இல் சனது என்ற உரிமைப் பத்திரம் பெற்ற ஜமீன்கள். குடியானவனுக்கு நிலைத்த சாகுபடி உரிமை சட்டத்தில் ஏறியது 1908-இல். ஜமீன் ஒழிந்தது 1948-ஆம் வருடச் சட்டத்தால்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1792-இல் போரில் தோற்ற திப்புவிடமிருந்து பெற்ற பாரமகாலுக்கு, அதாவது நான் முதலில் வேலை பார்த்த கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு, அலெக்சாண்டர் ரீடை அனுப்பியதும் காரன்வாலிஸ்தான். ரீடு பட்டாளத்துக்காரர், உள்ளூர்ப் பாஷை தெரிந்தவர். அவரும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். உழுகிறவனிடமே சர்க்கார் நேராக வரி வாங்கும் ரயத்துவாரிக்கு வித்து அங்கே விழுந்தது. பிறகு அங்கேயும் மிட்டா என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து விற்று, பல மிட்டாக்கள் கிஸ்தி கட்ட முடியாமல் சர்க்காருக்கே திரும்பின. அளந்த கணக்கு மட்டும் நிலைத்தது.

சென்னைக்குப் பயிற்சிக்குப் போனபோது கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்த்தேன். 1800-இல் கொண்டு வந்து நிறுத்தியது. பீடத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. அந்தச் சின்னப் பையன்கள் முன்னால் வெகுநேரம் நின்றேன். பின்னாளில் அயர்லாந்து நாடாளுமன்றத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தோடு இணைக்க ஓட்டுக்குப் பேரம் பேச வேண்டி வந்தபோது, இந்த அழுக்கு வேலைக்காகத் தன்னையே வெறுப்பதாகக் கடிதம் எழுதிய மனிதர் அவர். மனசாட்சி உள்ளவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனாலேயே அவரை எளிதில் விட முடியவில்லை.

காரணம், அளக்காமல் கணக்கு எழுதும் அதே வேலையை நானும் செய்திருக்கிறேன். தெற்கே ஒரு வயதான அம்மா தகரப் பெட்டியிலிருந்து ஜமீன் காலத்துச் சீட்டு ஒன்றை எடுத்து வந்தார். மாமனார் பெயர், பசலி என்ற வரி வருடம், கட்டிய தொகை, "கிழக்கு வயக்காடு". அவ்வளவுதான். எங்கள் பதிவேட்டில் அந்த இடம் அரசு தரிசு.

"ஆத்தா, இதுல எல்லை ஒண்ணும் எழுதலையே."

"எல்லை ஊருக்கே தெரியுமே தம்பி."

அன்று வேலை அதிகம். இடத்துக்குப் போகாமலே "ஆதாரம் இல்லை" என்று எழுதி அனுப்பினேன். மேலே அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்துப் பக்கத்துப் புலத்துக்கு உட்பிரிவு செய்யப் போனபோதுதான் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தேன். நடுவில் ஒரு கிணறு. பழைய சுட்ட செங்கல் கட்டு, கமலை இழுத்த இடத்தில் கயிறு அறுத்த தடம் கல்லில் விரல் ஆழத்துக்கு. எத்தனை வருடம் இறைத்தால் கல் அப்படித் தேயும்! செயின்மேனைக் கூப்பிட்டு நான்கு பக்கமும் அளந்தேன். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் மூன்று பேரிடம் வாக்குமூலம் வாங்கினேன். முந்தைய அறிக்கை தவறு என்று என் கையாலேயே எழுதிப் புதிதாக ஒன்று அனுப்பினேன்.

நான் நாடாவைச் சுருட்டும்வரை ஆத்தா வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"இத அன்னைக்கே வந்து பாத்திருக்கலாமே தம்பி."

"பாத்திருக்கணும் ஆத்தா" என்றேன்.