ஏரிக்குப் பணம் கொடுக்கும் முதலாளிகள் கவனிக்க வேண்டியவை

ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் மில் முதலாளியின் மனதில் முதலில் வருவது பள்ளிக்கூடம், அடுத்தது ஏரி. கோவையில் 2003இல் தொழில் குடும்பங்கள் முன்னின்று தொடங்கிய சிறுதுளி, டிவிஎஸ் நிறுவனத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை போன்றவை நீர்நிலைப் பணியை அமைப்பாகச் செய்கின்றன. இந்தப் பதிவு அந்த அளவுக்கு ஆள்பலம் இல்லாதவர்களுக்கு: சிட்கோ பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர், அரிசி ஆலை நடத்துபவர், சொந்த ஊர் ஏரிக்குச் சில லட்சம் ஒதுக்கத் தயாராக இருப்பவர்.

அந்தப் பணம் பெரும்பாலும் வீணாவது ஒரே வழியில்தான். முழுத் தொகையையும் ஏரியின் உள்வாயை, அதாவது தண்ணீர் நிற்கும் உட்பரப்பைத் தோண்டக் கொட்டிவிட்டு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். மழைக்குப் பிறகு பார்த்தால் ஆழமான ஏரி, அடியில் ஒரு முழம் தண்ணீர். உள்வாயில் பொக்லைன் நிற்கும் படம் நன்றாக வரும், புதர் மண்டிய வாய்க்கால் படத்துக்கு ஆகாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கையில் 10 லட்சம் இருந்தால் முதல் செலவு வாய்க்காலுக்கும், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகுக்கும், மிகைநீர் வழியும் கலங்கலுக்கும். மீதி இருந்தால்தான் உள்வாய்.

வேலைக்கு முன் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் வயல் பரப்பு, 100 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கோயில் குளம் என்றால் அறநிலையத்துறையையும் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (அளவை வரைபடம்) வாங்கி, சர்வேயரை வைத்து ஏரியின் எல்லையோடு வாய்க்காலின் எல்லையையும் அளந்து கல் நடச் செய்யுங்கள். வாய்க்காலில் ஆக்கிரமிப்பு இருந்தால் உங்கள் இயந்திரம் அதன் பக்கம் போகக் கூடாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதைக் கையிலெடுக்க வேண்டியவர் அரசு அலுவலர், நன்கொடையாளர் அல்ல.

ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுவோடு கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்தால் வேலை சுலபம். ஜனவரி 26 கூட்டத்திலேயே தீர்மானத்தை வாங்கிவிடுங்கள். மே 1 வரை காத்திருந்தால், அனுமதி வந்து சேர்வதற்குள் ஆடி முடிந்துவிடும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடியாது. அரசுப் பணத்தையும் சேர்த்துச் செய்ய விரும்பினால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் தரப்பு போட்டால் மீதியை அரசு தரும்.

இனி மண் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு அடி மண் எடுத்தால் 43,560 கன அடி, அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் ஏறத்தாழ 436 யூனிட். தோண்டிய மண் உப்பும். கால் பங்கு உப்பும் என்று வைத்தால் 545 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் சுமார் 180 நடை. கிடைக்கும் கூடுதல் கொள்ளளவு 12 லட்சம் லிட்டர் சொச்சம். பத்து ஏக்கரில் மூன்றடி என்று வாய்க்கு வந்தபடி சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்: 5,400 நடை. அவ்வளவு மண்ணையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

வண்டிக் கணக்கிலும் பணம் ஒழுகும். ஒரு டிப்பரை நிரப்ப 5 நிமிடம், அது போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப 30 நிமிடம் என்றால் ஏழு டிப்பர் வேண்டும். மூன்றே டிப்பர் ஓடினால் மணி வாடகை வாங்கும் பொக்லைன் பாதி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கும். நடைக் கணக்கு என்றால் அரை வண்டி மண்ணும் ஒரு நடையாக எழுதப்படும். வேலைக்கு முன்னும் பின்னும் 20 மீட்டர் கட்டங்களாக லெவல் எடுத்து, அதாவது தரைமட்டத்தை அளந்து, கன அளவுக்குப் பணம் கொடுப்பதே சரி. லெவல் எடுக்க ஆகும் செலவு மிச்சமாகும் பணத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

மேல் வண்டல் விவசாயிகளுக்குப் போகட்டும். வட்டாட்சியர் அனுமதியோடு ஏக்கருக்கு நஞ்சைக்கு 75, புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை இலவசமாக எடுக்கலாம், மண்பாண்டத் தொழிலாளிக்கு 60. அனுமதிச் சீட்டு இல்லாத வண்டியை ஏரிக்குள் இறங்கவே விடாதீர்கள். வண்டலுக்குக் கீழே கிராவல் தட்டுப்பட்டதும் மனைப்பிரிவுக்காரர்களும் செங்கல் சூளைக்காரர்களும் தேடி வருவார்கள். அதன் பிறகு உங்கள் பெயர் மண் கடத்தல் புகாரில்தான் வரும்.

ஆழத்தை எப்படி முடிவு செய்வது? உள்வாயில் நாலைந்து இடங்களில் சோதனைக் குழி எடுத்து மண்ணின் நிறம் மாறும் இடத்தைக் குறியுங்கள். வண்டல் முடிந்து பழைய களிமண் தளம் தொடங்கும் இடம் அது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். களிமண்ணைக் குத்திக் கிழித்து அடியில் இருக்கும் மணலைத் திறந்துவிட்டால் ஏரி ஓட்டைப் பானைதான். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டும் ஆழத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது என்பதையும் ஆயக்கட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கிணறு ஊறவும் ஆடு மாடு குடிக்கவும் அது உதவும், அவ்வளவுதான். கரையை ஒட்டித் தோண்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்து: கரையின் கால் பலமிழந்து, ஏரி நிறையும் நேரத்தில் சரியும். கரை உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரமாவது விடுங்கள்.

எடுத்த மண்ணைக் கரைமேல் அப்படியே கொட்டி மட்டம் தட்டுவதும் வழக்கம். முதல் மழையில் அது ஏரிக்கே திரும்பிவிடும். களிமண்ணை அரையடி கனத்துக்குப் பரப்பி, நனைத்து, ரோலர் விட்டு, அடுத்த அடுக்கைப் போட வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும், அரிவாளால் வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். அந்த விறகும் அரசுச் சொத்து, நீங்களாக விற்க முடியாது. கரைப் பனையில் கை வைக்கவே வேண்டாம்.

வரி விஷயத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சொந்தப் பொக்லைனை இலவசமாக அனுப்பினால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிக் கழிவு கிடையாது, பொருளாகவும் சேவையாகவும் கொடுப்பதற்கு அது பொருந்தாது. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் கழிவு இல்லை, புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி என்றால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு உங்களைப் பிடிக்கும். முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) செலவிடுவது கட்டாயம். வேலையை அறக்கட்டளை மூலம் செய்வதானால் சிஎஸ்ஆர் வேலையை எடுத்துச் செய்ய அதற்கு வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தொழிலாளர் குடியிருப்புக்கு மட்டும் பயன்படும் குட்டையைத் தூர்வாரிவிட்டு அதைச் சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது.

இந்தச் சட்டத்தில் ஏரிக்கு வாட்டமான வசதி ஒன்றும் உண்டு. தொடர் திட்டம் என்று இயக்குநர் குழு தீர்மானித்துவிட்டால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை வேலையை நீட்டலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். சட்டத்துக்குள் வராத சிறு தொழில்காரரும் இதே முறையைப் பின்பற்றலாம்: மொத்தத்தில் கால் பங்கை முதல் ஆண்டு தொடவே கூடாது. அடுத்த கோடையில் முளைத்து நிற்கும் கருவேலங்கன்றுகளைப் பிடுங்க, வாய்க்காலில் மறுபடி விழுந்த மண்ணை அள்ள, மதகுப் பலகையை மாற்ற அந்தப் பணம் வேண்டும். கன்று ஓராண்டுக்குள் என்றால் ஆட்களே பிடுங்கிவிடுவார்கள், மூன்றாண்டு விட்டால் மறுபடியும் பொக்லைன் வாடகை.