மானைத் துரத்தப் போன அம்மா

திருகோணமலை டவுனில் மான்கள் மாடு போலத் தெருவில் திரியும். போன மார்கழியில் ஒருநாள் விடியக்காலை, பூட்டாத கேற்றால் ஒன்று உள்ளே வந்து பொன்னாங்காணிப் பாத்தியை மேய்ந்தது. துரத்தப் போன அம்மா, மழையில் பாசி பிடித்த சீமெந்தில் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார். வயது 72.

“ஒண்டுமில்லை மகன், சுளுக்கு. எண்ணெய் போட்டு உருவினாச் சரி.”

பக்கத்து வீட்டு அக்கா முறிவு வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னார். நான் கால்களைப் பார்த்தேன். வலது கால் இடதைவிடக் கட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடந்தது. இந்த இரண்டும் இருந்தால் தயவுசெய்து உருவ வேண்டாம், எழுப்பி நிறுத்தவும் வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம், வண்டி வந்தது.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. மேலே இருக்கும் பந்துக்கு இரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகுமாம். முறிவு விலகிவிட்டதால் பந்து பிழைக்காது, உலோகப் பந்து வைக்க வேண்டும் என்றார் டொக்டர். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், அதனால் இரண்டு நாளுக்குள் செய்வது நல்லது என்றும் சொன்னார். பிரஷர் இறங்காமல் நாலாம் நாள்தான் ஒப்பரேஷன் நடந்தது. மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். அம்மாவைவிட நான்தான் பயந்தேன்.

அப்புறம் டொக்டர் கேட்டார்: “முன்னம் எங்கேயும் முறிஞ்சதோ?”

68 வயதில் மணிக்கட்டு. கையை ஊன்றி விழுந்தது. மாவுக்கட்டைக் கழற்றியதோடு மறந்துவிட்டோம். “உயரம் குறைஞ்சிருக்கோ?” இல்லை என்றுதான் சொன்னேன். பிறகுதான் நினைவு வந்தது: சாமிப்படத் தட்டு எட்டவில்லை என்று இரண்டு வருடமாக முக்காலி கேட்கிறார். முதுகெலும்புக் கட்டைகள் சத்தமில்லாமல் நசுங்கினாலும் உயரம் குறையுமாம்.

எலும்பு தன்னைத்தானே அரித்து அரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். 30 வயதுவாக்கில் இருப்பு உச்சத்துக்கு வரும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைய, கட்டுவதைவிட அரிப்பது முந்திவிடும். உள்ளே வலை போலிருக்கும் எலும்பு மெலிந்து அறுந்துபோகும். கூடவே தசையும் தளரும், அனிச்சையும் மந்தமாகும். 68இல் அம்மாவின் கை முந்தியது, மணிக்கட்டு போனது. 72இல் கை முந்தவில்லை, இடுப்பு வாங்கிக்கொண்டது.

பிறகு கொழும்பில் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேனில், இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5இலிருந்தே ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய் என்பார்கள். நாலு வருடத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய ஸ்கேன்.

இப்போது எலும்பு அரிப்பதைக் குறைக்கக் கிழமைக்கு ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். தேத்தண்ணி கூடக் கூடாது. எப்படியும் விரதம் என்று அம்மா வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்தார். வாக்கரைப் பிடித்தபடி விறாந்தையில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பார். பத்து நிமிடம் போனதும் உள்ளே குரல் வரும்: “தேத்தண்ணிக்கு உலை வை மகன். கேற்றைப் பூட்டினியோ?”