லீமா ஏர்போர்ட்ல வாங்குன அல்பாக்கா

பெரு நாட்டுல குஸ்கோங்கற மலை ஊர்ல இருந்து தலைநகர் லீமா வந்து இறங்கினப்போ அடுத்த பிளைட்டுக்கு நாலு மணி நேரம் இருந்துச்சு, கூட வந்தவங்க எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க, நான் மட்டும் நேரா அல்பாக்கா துணிக்கடைக்குள்ள போயிட்டேன். அல்பாக்கான்னா அங்க ரோமத்துக்காக வளக்குற, ஒட்டக இனத்துப் பிராணி. காரணம் இருக்கு. மலை ஊர் சந்தை ஒண்ணுல நூறு சதவீதம் பேபி அல்பாக்கான்னு சொன்னாங்கன்னு ஒரு ஸ்வெட்டர் வாங்கிட்டேன், போட்ட அன்னிக்கே உள்ள வேர்த்துக் கொட்டுது, கழட்டினா படபடன்னு பொறி தட்டுது. பட்டுப்புடவைல ஒரு இழைய உருவி கொளுத்திப் பாப்பாங்கல்ல, அதே மாதிரி ரூம்ல ஒரு நூல கொளுத்திப் பாத்தேன். முடி கருகுற வாசமே இல்ல, பிளாஸ்டிக் மாதிரி உருகி நுனில கறுப்பா மணி கட்டிருச்சு. சுத்தமான அக்ரிலிக், செயற்கை நூல். அன்னிக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு.

ஏர்போர்ட் கடைல தேடினது லண்டன்ல இருக்கற அக்காவுக்காக. அவளுக்கு கம்பளி பட்டாலே கழுத்து அரிச்சு சிவந்துரும். ஆட்டு ரோமத்துல இருக்கற எண்ணெய்ப்பசை அல்பாக்கால ரொம்ப கம்மி, நைசாவும் இருக்கும், அதான் இதத் தேடினேன்.

ஏர்போர்ட்ல எல்லாம் டாலர் விலை, சந்தைய விட ரொம்பவே ஜாஸ்தி. ஆனா ஒவ்வொண்ணுலயும் உள்பக்கம் டேக் தச்சிருக்கு, எது எத்தன சதவீதம்னு. பேபின்னா குட்டியோட ரோமம்னு நெனச்சு எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, கடைல இருந்த அம்மா விளக்கமா சொன்னாங்க, அது வயசு இல்ல, இழையோட மென்மை, இழைத் தடிமன் சுமார் 22.5 மைக்ரானுக்குள்ள இருந்தா பேபி (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), பெரிய அல்பாக்காகிட்ட இருந்தும் வரும், அத விட நைஸ்னா ராயல். கேட்டதும் நிம்மதியாச்சு.

கண்ணாடி அலமாரில விக்குன்யா சால்வை தனியா வெச்சிருந்தாங்க. விக்குன்யா அல்பாக்காவோட இனம்தான், ஆனா வளக்குற பிராணி இல்ல, காட்டுல திரியறது, இழை 12 மைக்ரான் சுமாருக்குத்தான் இருக்கும். ஊர் ஜனங்க சேந்து வளைச்சு ஓட்டிப் பிடிச்சு ரோமத்த கத்தரிச்சுட்டு திரும்ப மலைக்கே விட்டுருவாங்களாம். பெரு நாட்டு சின்னத்துலயே அது இருக்கு, என் கைல இருந்த ஒரு சோல் காசுலயும் (சோல்தான் அந்த ஊர் பணம்) குட்டியா நிக்குது. விலைய பாத்துட்டு கும்பிட்டு நகந்துட்டேன்.

கடைசியா சாயம் போடாத காப்பி கலர் சால்வை ஒண்ணு எடுத்தேன், பேபி அல்பாக்கா 100. தொட்டதும் ஜில்லுனு இருந்துச்சு, கழுத்துல சுத்தி ஒரு நிமிஷத்துல கதகதன்னு ஆயிருச்சு, கையில தூக்கினா தண்ணி மாதிரி வழியுது. கழுத்துலயே பத்து நிமிஷம் வெச்சுப் பாத்தேன், அரிப்பு துளி இல்ல. பச்சத் தண்ணில ஷாம்பு போட்டு அலசணும், முறுக்கிப் பிழியக் கூடாது, கொடில தொங்கவிட்டா இழுத்துக்கும், அதனால விரிச்சுப் போட்டுதான் காயவைக்கணும்னு அந்த அம்மா கையாலயே செஞ்சு காட்டினாங்க.

லண்டன்ல இறங்கி வெளில வந்ததுமே அக்கா கழுத்துல போட்டுவிட்டேன். "அரிக்குதாக்கா?"ன்னு கேட்டேன். "இது கம்பளியாடி?"ன்னா. வீட்டுக்குப் போயும் அவ அத கழட்டல.