ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பு அக்காமாரும்

எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் எங்கள் குமரி மாவட்டத்துக்குத்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். இந்தப் பெருமையில் ஒரு சங்கடமும் உண்டு. பள்ளிக்கூடம் போவதில் பிள்ளைக்கு என்ன கஷ்டம் வந்துவிடும் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு வாசலில் அழுது நிற்கிற பிள்ளைக்கு ‘படிக்க மடி’ என்ற பெயர்தான் மிச்சம்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து முடித்தவர்கள் எங்களிடம் வருவார்கள். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், கடற்கரைப் பிள்ளைகள் ஒரு பக்கம்; ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் சிரிப்பதில் முதல் வாரம் போய்விடும். அதுவரை தமிழும் கணக்கும் அறிவியலும் ஒரே டீச்சரிடம் படித்தவர்கள். இங்கே மணி அடித்தால் ஆள் மாறுவார். ஒரு பையன் ஒவ்வொரு மணிக்கும் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொள்வான். “இன்னும் இருக்குடே, உக்காரு” என்று நாங்கள் சொல்லச் சொல்லப் பயம்தான் கூடியது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க ஒன்பதாம் வகுப்பில் விருப்பம் சொன்னவர்களிடம், ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகள் என்று பிரித்துவிட்டோம். அந்தப் பையனுக்கு வாய்த்த அண்ணன் செய்தது ஒன்றுதான். ரஃப் நோட்டின் உள்ளட்டையில் கால அட்டவணையை எழுதி, இன்டர்வெல், சாப்பாடு, வீடு என்ற மூன்று மணிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தான். பி.எட். படித்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அண்ணன்மாரும் அக்காமாரும் வாரம் ஒரு நோட்டில் ‘அறிக்கை’ எழுதித் தர வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்னதெல்லாம் டீச்சர் காதுக்குப் போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? யாராவது அடித்தாலோ, தொட்டுத் தொல்லை செய்தாலோ அன்றைக்கே எங்களிடம் வந்துவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அவர்களுக்குள் இருக்கட்டும் என்றேன். முணுமுணுப்போடு தலைமையாசிரியர் சம்மதித்தார்.

மூன்றாவது பீரியடில் அடிக்கடி டெஸ்க்கில் தலை சாய்க்கிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே ரப்பர் வெட்டப் போய்விடுவார்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். போன வருஷம் வரை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுப் பழகியவள், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மத்தியானச் சத்துணவு வரை வெறும் வயிறு. இது எங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவளுக்கு வாய்த்த ஒன்பதாம் வகுப்பு அக்காவுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. எங்களிடம் மூச்சு விடவில்லை. தன் வீட்டில் சொல்லி, அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்ச் சம்மந்தியும் இன்னொரு டப்பாவில் வாங்கி வந்திருக்கிறாள். இன்டர்வெல்லில் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு பேரும் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரியும். “சொல்லியிருக்கலாமே மக்களே?” என்றேன். “அவளுக்கு நாணமா இருக்கும் டீச்சர்” என்றாள். அவளை அறிக்கை எழுத வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

எல்லா ஜோடியும் இப்படி அமையவில்லை. மார்க் எடுக்கிற சிலர் லீடர் வேலை பார்த்தார்கள்: வரிசையில் நில், சட்டையை உள்ளே விடு. அவர்களிடம் பிள்ளைகள் ஒட்டவில்லை. ஆறாம் வகுப்பில் தானும் அழுதவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள் என்பது என் கணிப்பு.

இப்போதைய சிக்கல் வேறு. இவர்கள் அடுத்த ஜூனில் பத்தாம் வகுப்பு. பப்ளிக் பரீட்சை வருஷத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். அதில் நியாயமும் உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்தே ஆள் எடுத்தால் இரண்டு வருஷம் கிடைக்கும் என்கிறேன் நான். எட்டு சின்னப் பிள்ளைகள் என்கிறார் தலைமையாசிரியர். மே மாத விடுமுறைக்குள் பேசி முடிக்க வேண்டும்.