அம்மிக்கல்லுக்கு அடியில் ஒரு நத்தார் சீஸ்

நத்தாருக்கு இன்னும் பதினொரு நாள். ஸ்டோர் அறையில் துணி சுற்றிய சீஸ் கட்டி ஒன்று எட்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த வருட விருந்தே அதை நம்பித்தான். வெட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தாத்தா தோட்டத் துரை பங்களாவில் சமையல்காரர். நத்தார் காலையில் அங்கே மேசையில் ப்ரூடரும் சிவப்பு மெழுகு பூசிய ஒல்லாந்து ஈடம் சீஸும் இருக்குமாம். பாண் மாவோடு முட்டை, பட்டர், சீனி, உலர்ந்த திராட்சை சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழாய் வைத்த அச்சில் சுடுவதுதான் ப்ரூடர். ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீட்டு நத்தார்ப் பலகாரம் அது. பட்டரும் ஈடமும் வைத்துச் சாப்பிடுவார்கள். சீஸ் தாத்தா வீடு வரை வந்ததில்லை. உரித்த மெழுகுத் தோல் வரும். அம்மாவும் சித்தியும் அதைப் பிசைந்து மாடு, கோழி என்று செய்து விளையாடுவார்களாம். அம்மாவுக்கு அந்த மெழுகின் வாசம் இன்றும் ஞாபகம் இருக்கிறது, சீஸின் ருசி தெரியாது.

ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். மலைக்கு அவர்கள் ஆட்சி ஏறவில்லை. சீஸ் ஏறியது, அப்புறம் அவர்கள் ஊர் ஃப்ரீஷியன் மாடும் ஏறிவிட்டது. மாடு இருக்கிறது, பால் இருக்கிறது, செய்து பார்த்தால் என்ன என்று ஒக்டோபரில் தொடங்கினேன்.

முதல் தடவை பெட்டிப் பால். பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட்டைக் கொழும்பிலிருந்து தருவித்துக் கலந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தால், கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று. மாதக்கணக்கில் கெடாமல் இருக்க அந்தப் பாலை 135 பாகைக்கு மேல் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் பாலிலுள்ள மற்றப் புரதங்கள், உறைய வேண்டிய முக்கியப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்வதால், ரென்னெட் போட்டாலும் கெட்டியாக உறையாது. பிறகுதான் படித்தேன். இரண்டாவது தடவை, "பப்பாசிப் பால் விட்டா உறையும் தம்பி" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கம்பளையிலிருந்து காயே கொண்டுவந்து தந்தார். உறைந்தது உண்மை. ஆனால் பப்பாசியின் நொதி பால் புரதத்தை உறைய வைத்ததோடு நிற்காமல் மேலும் மேலும் சிதைக்கும், அதனால் கசக்கும். எங்கள் வீட்டு நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. "பிள்ளைங்க குடிக்கிற பாலை ஏன்டா இப்படி நாசமாக்குற?" என்றார் அப்பா. பதில் சொல்லவில்லை.

ஒக்டோபர் 19, மூன்றாவது தடவை. மேல் லயத்து அக்காவிடம் கறந்த பால் 10 லீற்றர். இரவெல்லாம் ஆறவிட்டு, மேலே படிந்த ஆடையை வழித்தெடுத்தேன். ஈடத்துக்குக் கொழுப்புக் குறைத்த பால்தான் வேண்டும். வழித்ததைக் கடைந்து பட்டராக்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், ப்ரூடருக்கு ஆகும். பாலை 63 பாகையில் 30 நிமிடம் காய்ச்சி, 32க்கு ஆறவிட்டு, புளிப்பேற்றும் நுண்ணுயிர்த் தூளைச் சேர்த்து, அப்புறம் ரென்னெட். இங்கே நானுஓயாக் குளிரில் சட்டி பத்து நிமிடத்தில் சில்லிட்டுவிடும். கம்பளியால் சுற்றிவைத்தேன். கத்தியைச் செருகித் தூக்கியபோது பிளவு சுத்தமாக விழுந்து தெளிந்த நீர் கசிந்தது. எனக்குக் கையே நடுங்கியது.

கடலை அளவுக்கு வெட்டிக் கிளறி, தெளிந்த நீரில் மூன்றில் ஒரு பங்கை வடித்துவிட்டுச் சுடுநீர் ஊற்றி 38 பாகைக்குக் கொண்டுவந்தேன். ஈடத்தின் சூட்சுமம் இதுதான். பாலின் சர்க்கரை கழுவப்பட்டுப் போவதால் பிறகு அதிகம் புளிக்காது, சீஸ் மிதமான இனிப்போடு நிற்கும். துளையிட்ட டப்பாவில் துணி விரித்து நிரப்பி, மேலே தட்டு, தட்டின் மேல் அம்மிக்கல். அன்றிரவு சம்பல் அரைக்க முடியவில்லை என்பது தனிச் சண்டை. மறுநாள் உப்புநீரில் அரை நாள் ஊறவிட்டேன். 900 கிராம் தேறியது.

மெழுகுதான் கிடைக்கவில்லை. மெழுகுதிரியை உருக்கிப் பூசலாம் என்று ஒருவர் சொன்னார். அது காய்ந்தால் வெடிக்கும், சாயம் போட்டது வயிற்றுக்கும் நல்லதில்லை. இங்கிலாந்தின் செடார் சீஸை முன்பு துணி சுற்றிக் கொழுப்புப் பூசித்தான் பழுக்க வைத்தார்கள். அதைப் பார்த்து நெய் பூசிவிட்டேன். கொழும்பில் இதற்கென்று தனி ஃப்ரிட்ஜ் வேண்டும். எங்கள் ஸ்டோர் அறை இரவில் 12, பகலில் 16 பாகை. மலையில் வீடு கட்டியதற்கு முதல் தடவையாக ஒரு லாபம். வாரம் ஒருமுறை பூஞ்சணத்தை உப்பும் வினாகிரியும் தொட்டுத் துடைத்துத் திருப்பிவைக்கிறேன்.

நேற்று இரவு, நத்தார் மதியச் சாப்பாட்டுக்கு ஒத்திகை பார்த்தோம். உருகும் சீஸ் ஒன்று, உருகாத சீஸ் ஒன்று என்று திட்டம். உருகாதது ஹலூமி மாதிரி: புளிப்பேற்றாமல் ரென்னெட்டில் மட்டும் உறையவைத்து, அமுக்கி, வடித்த நீரிலேயே கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வேகவைத்தது. தோசைக்கல்லில் போட்டால் உருகாமல் சிவக்கிறது. கட்டசம்பலோடு அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார். "ரப்பர் மாதிரி இருக்கு, ஆனா நல்லாருக்கு."

உருகுவதுதான் காலை வாரியது. சுவிஸ் பாணியில் அவித்த வெலிமடை உருளைக்கிழங்கின் மேல் ஊற்ற, நவம்பரில் செய்த இளஞ்சீஸைப் பாலோடு சூடாக்கினேன். எண்ணெய் தனி, திரள் தனி. அடுத்த சட்டிக்கு, துருவிய சீஸில் ஒரு கரண்டி சோளமாவைப் பிரட்டி, மெல்லிய நெருப்பில் தேசிக்காய்ச் சாறு சில சொட்டு விட்டுக் கிளறினேன். பட்டுப்போல வந்தது. இப்படிக் கிழங்கின் மேல் சீஸை உருக்கி ஊற்றும் சுவிஸ் ராக்லெட்டுக்கு ஆளுக்கு 200 கிராம் சீஸ் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் ஒன்பது பேருக்கு ஆளுக்கு 100 போதும், அதற்கே அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். பக்கத்தில் அச்சாறு கட்டாயம் வேண்டும். வதக்கிய லீக்ஸும் சேர்க்கப் போகிறேன். பால் சோறு, பாயாசம் எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து வெட்டிவிட்டேன், இவ்வளவு பாலுக்கு மேல் பால் யாராலும் முடியாது. கடைசியில் ரிச் கேக். இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர்காரர்கள் பழக் கேக்கோடு வென்ஸ்லிடேல் சீஸ் துண்டு வைப்பார்கள். நம் கேக்குக்கும் பொருந்துமா என்று கொஞ்சம் மிச்சம் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய கட்டியை நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் வெட்டுவதாக முடிவு. குளிரோடு வெட்டினால் வாசம் எழாது, பூசைக்குப் போகுமுன் குசினி மேசையில் எடுத்துவைக்க வேண்டும். பேக்கரியில் 24ஆம் திகதி மாலை பிசைந்த பாண் மா அரைக் கிலோ தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் வைத்த அச்சு நுவரெலியாக் கடைகளில் இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் கேக் தட்டின் நடுவில் ஒரு சில்வர் டம்ளரை நிறுத்திச் சுடுவேன். டம்ளர் மிதந்து சாயாமல் இருக்க உள்ளே மணல் போடலாமா, அரிசி போடலாமா என்பதுதான் வீட்டில் இப்போது விவாதம்.